உண்ணிக் காய்ச்சலும் உயிர் காக்கும் வைரஸும்

வைரஸ் என்னும் சொல்லுக்கு லத்தீன் மொழியில் நஞ்சு என்பது பொருள். அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் பெரியம்மை, வெறிநாய்க்கடி, இளம்பிள்ளை வாதம், அண்மையில் உலகையே வீட்டுக்குள் அடைத்துவைத்த கொரோனா என, ஒன்றன்பின் ஒன்றாக நோய்களின் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. இத்தகைய நஞ்சை நோய் தீர்க்கும் பணியாளாகவும் அமர்த்திக்கொள்ளலாம் என்று விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். பகைவன் கையில் வீட்டுச் சாவியைக் கொடுப்பதா என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் சாவியை நாம் கொடுக்கவில்லை. அது முன்பே அவனிடம் இருக்கிறது. அவன் எவ்வாறு நுழைகிறான் என்பதைக் கூர்ந்து கற்றவர்களே, அவனைத் தடுக்கவும் கற்றார்கள். அவனிடம் வேலை வாங்கவும் கற்றார்கள். இவ்விரண்டும் ஒரே கல்வியின் இரு பயன்கள் என்பதையே மாணவ நேயர்களுக்கு இன்று எடுத்துக்கூற விரும்புகிறேன். அதற்காகக் கிண்டி, கியாசனூர், வேலூர் என்னும் மூன்று ஊர்களுக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

புறப்படுமுன் வைரஸ் என்பது யாது என்று சற்றுத் தெளிவுபடுத்திக் கொள்வோம். முன்னாளில் அரசர்கள் தம் ஆணையை ஓலையில் எழுதி, முத்திரையிட்டுத் தூதன் வழியாக அனுப்புவார்கள். முத்திரையைக் கண்ட காவலர் கதவைத் திறப்பர். ஓலையில் கண்டபடியே கோட்டைக்குள் இருப்போர் செயலாற்றுவர். வைரஸும் அத்தகைய ஓர் ஓலைதான். அதன் உள்ளே மரபுச் செய்தி எழுதப்பட்ட ஓர் இழை. வெளியே புரதத்தால் ஆன ஓர் உறை. அவ்வுறையில் உள்ள சில புரதங்கள், நம் உடலின் உயிரணுக்கள் நம்பி ஏற்றுக்கொள்ளும் முத்திரைபோல் அமைந்துள்ளன. உயிரணு கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளே சென்ற ஓலையிலோ, "என்னைப்போல் ஆயிரம் படிகள் எடு" என்பதே கட்டளை! உயிரணு தன் வேலையை மறந்து, படியெடுத்துக் கொடுத்து, இறுதியில் தானே அழிகிறது. தானாக உண்ணவோ, வளரவோ, பெருகவோ வைரஸுக்கு இயலாது. அதன் வல்லமை முழுவதும் இரண்டே பொருள்களில் அடங்கியிருக்கிறது. ஒன்று முத்திரை, மற்றொன்று ஓலை. இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதற்கும் இவையே திறவுகோல்.

இனி கிண்டிக்கு வருவோம். கிண்டி என்றதும் குதிரைப் பந்தயமும், சிறுவர் பூங்காவும், பொறியியற் கல்லூரியும் பலருக்கு நினைவுக்கு வரும். அங்கே 1899-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கிங் நோய்த்தடுப்பு மருந்து ஆராய்ச்சி நிலையத்தை எத்தனை பேர் அறிவீர்களோ நான் அறியேன். கிங் என்பது அரசரைக் குறிக்கும் சொல் அன்று. அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக விளங்கிய கர்னல் டபிள்யூ. ஜி. கிங் என்பாரின் பெயரே அது. பெரியம்மையைத் தடுப்பதற்கான அம்மைப்பால் அங்கே தயாராயிற்று.

அம்மைப்பால் எவ்வாறு கிடைத்தது? கன்றின் தோலை மழித்துத் தூய்மை செய்து, மேலாகக் கீறி, வாக்சினியா என்னும் மென்மையான வைரஸை அதன்மீது தடவுவார்கள். சில நாட்களில் கொப்புளங்கள் எழும். அவற்றைச் சுரண்டியெடுத்துக் கிளிசரினோடு கலந்து பதப்படுத்தி ஊரெங்கும் அனுப்புவார்கள். அம்மை குத்துவோர் அதைக் குழந்தைகளின் கையில் கீறி ஏற்றுவர். வாக்சினியாவின் முத்திரையும் பெரியம்மை வைரஸின் முத்திரையும் ஏறக்குறைய ஒரே வார்ப்பில் அமைந்தவை. ஒன்றைக் கண்டு பழகிய உடல் மற்றொன்றை உடனே இனங்கண்டு எதிர்த்துவிடும். இங்கிலாந்தில் 1796-இல் எட்வர்டு ஜென்னர் காட்டிய வழி இதுதான்.

நம் நாட்டு வெயிலோ, திரவமான அம்மைப்பாலை விரைவில் வலுவிழக்கச் செய்தது. ஆகவே, உறையவைத்து உலர்த்திய தூளாக அதைச் செய்யும் முறை பின்னர்க் கைக்கொள்ளப்பட்டது. இந்தியாவில் அத்தகைய தூளைத் தயாரித்த நான்கு இடங்களுள் கிண்டியும் ஒன்று. 1975-இல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது. 1980-இல் உலகமே அந்நோயினின்று விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒரு வைரஸைக் கொண்டே மற்றொரு வைரஸை மண்ணுலகிலிருந்து விரட்டினார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். வைரஸைப் பணியாளாக அமர்த்தும் கலையின் முதற்பாடம் கிண்டியில் கன்றின் தோல்மீதே எழுதப்பட்டது எனலாம்.

ஆனால் எல்லா வைரஸும் இத்துணை எளிதில் வசப்படுவதில்லை. அதை அறியக் கன்னட நாட்டுக்குச் செல்வோம்.

1957-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அன்றைய மைசூர் மாநிலத்து ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் என்னும் காட்டில் குரங்குகள் கூட்டங்கூட்டமாக இறந்துகிடந்தன. அதையொட்டி அக்கம்பக்கத்துக் கிராம மக்களுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. தலைவலி, தாங்கொணாத உடல்வலி, சிலருக்கு மூக்கிலும் ஈறிலும் இரத்தக் கசிவு, சிலருக்கு மூளையும் பாதிப்புறுதல் என அந்நோய் கொடுமையாக இருந்தது. குரங்குகளும் மனிதரும் ஒருங்கே மாள்வது மஞ்சட் காய்ச்சலின் அடையாளம். ஆசியாவில் அதுவரை காணப்படாத அக்காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது. புனேயில் 1952-இல் தொடங்கப்பட்டிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தினர், டெல்போர்ட் வொர்க் என்பாரின் தலைமையில் விரைந்து சென்றனர். நோயாளிகளின் இரத்தத்திலிருந்தும் இறந்த குரங்குகளிலிருந்தும் வைரஸைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தபோது, அது மஞ்சட் காய்ச்சலன்று என்பது தெளிவாயிற்று. இரஷ்யக் காடுகளில் உண்ணிகளால் பரவும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்கு அது நெருங்கிய உறவாக இருந்தது. ஆகவே கொசுவைத் தேடியவர்கள் உண்ணியைத் தேடத் தொடங்கினார்கள்.

மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணியை நீங்கள் அனைவரும் கண்டிருப்பீர்கள். அது பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. எட்டுக்கால்களையுடைய சிலந்தியின் சுற்றம். கியாசனூர் நோயைப் பரப்பும் உண்ணிக்கு ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்பது விஞ்ஞானப் பெயர். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு ஆறே கால்கள். அது எலி, மூஞ்சூறு, அணில் போன்ற சிறு பிராணியின் இரத்தத்தைக் குடித்துத் தரையில் விழுந்து, தோலுரித்து, எட்டுக்கால் இளவுண்ணி ஆகிறது. இளவுண்ணி மீண்டும் ஒரு பிராணியைப் பற்றும். அது குரங்காகவும் இருக்கலாம், மனிதனாகவும் இருக்கலாம். பின்னர் மறுபடியும் தோலுரித்து முதிர்ந்த உண்ணியாகி, மாடு போன்ற பெரிய விலங்கைச் சேர்கிறது. ஒரு பருவத்தில் குடித்த இரத்தத்தோடு வந்த வைரஸ், தோலுரித்த பின்பும் அதன் உடலிலேயே தங்கிவிடுகிறது. நோயுற்ற குரங்கு இறந்து விழுந்தால், அதன் மேலிருந்த உண்ணிகள் இறங்கி அவ்விடத்திலேயே பரவுகின்றன. விறகு பொறுக்கவோ, தழை சேர்க்கவோ, மாடு மேய்க்கவோ அவ்வழியே செல்லும் ஏழையே அவற்றுக்கு இரையாகிறான். மழைக்காலம் கழிந்து இளவுண்ணிகள் மிகும் டிசம்பர் முதல் மே வரையிலான மாதங்களில் நோயும் மிகுவதன் காரணம் இதுவே. மனிதனிடமிருந்து மற்றொரு மனிதனுக்கு இந்நோய் பரவுவதில்லை என்பது ஓர் ஆறுதல்.

இந்த ஆராய்ச்சியில் ஒரு செய்தியை மாணவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். இரஷ்ய வைரஸின் உறவினன் கன்னடக் காட்டுக்கு எப்படி வந்தான்? குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்திருக்கலாம் என்று ஐயுற்றனர். பறவையியல் அறிஞர் சலீம் அலியின் முயற்சியால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல்லாயிரம் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, உடலிலிருந்த உண்ணிகளையும் சேகரித்தனர். பறவைகளின் போக்குவரவு குறித்து அரிய செய்திகள் பல கிடைத்தன. ஆனால் பறவைகளே குற்றவாளிகள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அழகான கருத்தாயினும் சான்று இல்லையேல் அதை விட்டுவிடுவதே விஞ்ஞானத்தின் அறம். காட்டை வெட்டி வயலாக்கியதும், காட்டோரத்தில் மாடுகள் பெருகியதும், அங்கே முன்பே மறைந்திருந்த நோயை மனிதனின் வாசலுக்குக் கொண்டுவந்தன என்பதே பின்னர் வலுப்பெற்ற கருத்து. இந்த ஆராய்ச்சிக்கு அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. வைரஸைக் கையாண்ட ஆராய்ச்சிக்கூடத்தாருள் பலரையே அக்காய்ச்சல் பற்றியது.

இது ஏதோ தொலைவிலுள்ள காட்டின் கதை என்று நாம் இருந்துவிட இயலாது. 2012, 2013-ஆம் ஆண்டுகளில் பண்டிப்பூர்க் காட்டில் அந்நோய் கண்டது. அதை அடுத்துள்ள நீலகிரி, வயநாட்டுக் காடுகளிலும் வைரஸின் தடயம் புலப்பட்டது. பின்னர்க் கோவாவிலும் மகாராஷ்டிரத்திலும் மக்களை அது தாக்கியது. நோய் கண்டவர்களுள் நூற்றுக்கு மூவர் முதல் பதின்மர் வரை இறக்கின்றனர். வைரஸை நேரே கொல்லும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை.

கிண்டியில் பணியாளன், கியாசனூரில் பகைவன் என இரு முகங்களையும் கண்டோம். இவ்விரண்டையும் இணைக்கும் எண்ணம் ஒன்று 1970-களிலும் 1980-களிலும் உருவாயிற்று. வைரஸின் முத்திரை அப்படியே இருக்கட்டும். உள்ளிருக்கும் ஓலையை மட்டும் நாம் மாற்றி எழுதினால் என்ன? 1982-இல் அமெரிக்க விஞ்ஞானிகள், அம்மைப்பாலில் இருந்த அதே வாக்சினியா வைரஸுக்குள் வேறோர் உயிரின் ஜீனைப் புகுத்திக் காட்டினர். வாக்சினியா அந்த ஜீனைத் தன் சொந்தச் சரக்குபோல் உயிரணுவுக்குள் கொண்டு சேர்த்தது. வெறிநாய்க்கடி வைரஸின் ஒரு ஜீனை இவ்வாறு சுமக்கவைத்து, அதை இரையில் கலந்து ஐரோப்பியக் காடுகளில் இட்டு, நரிகளிடையே அந்நோயைக் கட்டுப்படுத்தியதும் உண்டு. கிண்டிக் கன்றுகளின் தோலில் வளர்ந்த வைரஸின் இனம், கடிதம் சுமக்கும் தூதனாகிவிட்டது!

இந்தத் தூதனைக் கொண்டு பிறவி நோயைத் தீர்க்க முயல்வதே ஜீன் சிகிச்சை. அதற்கு நம்மூர்ச் சான்று ஒன்று வேலூரில் இருக்கிறது.

ஹீமோபீலியா என்னும் நோயைப் பற்றிக் கேள்வியுற்றிருப்பீர்கள். இரத்தம் உறைவதற்குத் தேவையான எட்டாம் காரணி என்னும் புரதத்தைச் செய்யும் ஜீன் சிலருக்குப் பிறவியிலேயே பழுதுபட்டிருக்கிறது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே இக்குறை நேர்கிறது. சிறு அடிபட்டாலும் இரத்தம் நிற்காது. முழங்காலிலும் முழங்கையிலும் உள்ளுக்குள்ளே கசிந்து மூட்டுகள் முடங்கிப்போகும். காரணியை வெளியிலிருந்து ஊசி வழியே அடிக்கடி ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகும் செலவு எளிய குடும்பங்களின் சக்திக்கு அப்பாற்பட்டது. பழுதற்ற ஜீனை ஒரே முறை உடலுக்குள் சேர்த்துவிட்டால் உடலே காரணியைச் செய்துகொள்ளும் அன்றோ?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் அலோக் ஸ்ரீவத்சவாவும் அவருடன் பணியாற்றியோரும், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தாரோடு கூடி இதைச் செய்தனர். அவர்கள் தேர்ந்தெடுத்த தூதன் யார் தெரியுமா? எய்ட்ஸ் நோயைத் தரும் எச்.ஐ.வி. வைரஸிலிருந்து உருவாக்கப்பட்ட ஊர்தி! அந்த வைரஸுக்குத் தனித்திறமை ஒன்று உண்டு. தான் கொண்டுவந்த செய்தியை உயிரணுவின் மரபேட்டிலேயே அது தைத்துவிடும். நோயாகும்போது அதுவே பெருங்கேடு. சிகிச்சையிலோ அதுவே பெரும்பேறு. ஆகவே விஞ்ஞானிகள் பெருகும் கட்டளையை ஓலையினின்று நீக்கிவிட்டு, எட்டாம் காரணியின் ஜீனை அதில் எழுதினர். ஊர்தியைக் கட்டுவதற்கான ஜீன்களைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து ஆராய்ச்சிக்கூடத்து உயிரணுக்களிலேயே நிறுத்திவிட்டனர். எனவே உடலுக்குள் செல்லும் தூதன் தன் செய்தியைச் சேர்ப்பான். தன்னைப்போல் மற்றொருவனை உண்டாக்க அவனால் ஆகாது.

நோயாளியின் இரத்தத்திலிருந்து மூல உயிரணுக்களைப் பிரித்து, வெளியிலேயே அவற்றுள் ஊர்தியைச் செலுத்தி, எலும்பு மச்சையில் அவற்றுக்கு இடம் செய்யக் கடுமையான மருந்தையும் கொடுத்து, பின்பு உடலுக்குள் திருப்பி ஏற்றினர். 22 முதல் 41 வயது வரையுள்ள ஐவருக்கு இவ்வாறு சிகிச்சை செய்யப்பட்டது. தொடர்ந்து கவனித்த காலம் முழுவதும் ஐவருள் ஒருவருக்கும் நோயால் ஆகும் இரத்தக் கசிவு நேரவில்லை என்னும் செய்தி 2024 டிசம்பரில் வெளியாயிற்று. ஐவர் என்பது சிறிய எண்ணிக்கை. நெடுங்காலப் பயனை இனிவரும் ஆண்டுகளே கூற வேண்டும்.

இங்கே மற்றொன்றையும் கூறாதிருக்க இயலவில்லை. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும், இந்தியாவில் எச்.ஐ.வி. நுழைந்துவிட்டது என்பதை முதன்முதலாகக் கண்டறிந்தனர். சென்னையில் சேகரித்த இரத்த மாதிரிகளை நிர்மலா இரயிலில் கொண்டுசென்று சோதித்துப் பார்த்த இடம் வேலூரே. எந்த ஊரில் அந்தப் பகைவனின் வருகை வெளிப்பட்டதோ, அதே ஊரில் ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குள் அவனுடைய வண்டியைப் பறித்து மருந்து ஏற்றிவிட்டனர்.

ஆயினும் இக்கலையில் அபாயமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். 1999-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அடினோ வைரஸ் என்னும் ஊர்தியைக் கொண்டு செய்த சோதனையில், ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்னும் 18 வயது இளைஞர் உயிரிழந்தார். உடலின் எதிர்ப்பாற்றல் அந்த ஊர்தியின்மீது சீறி எழுந்ததே காரணம். பாரிஸ் நகரில் எதிர்ப்பாற்றலின்றிப் பிறந்த குழந்தைகளுக்குச் செய்த சிகிச்சை பலருக்கு வாழ்வளித்தது. ஆனால் தூதன் தகாத இடத்தில் செய்தியைத் தைத்துவிட்டதால் சில குழந்தைகளுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. இன்றைய ஊர்திகளில் காணும் பாதுகாப்புகள் பல, அந்தத் துயரங்களிலிருந்து கற்றவையே.

இப்போது உண்ணிக்குத் திரும்புவோம். கியாசனூர்க் காய்ச்சலுக்குத் தடுப்பூசி ஒன்று நெடுங்காலம் வழங்கப்பட்டு வந்தது. வைரஸை வேதிப்பொருளால் செயலிழக்கச் செய்து தயாரித்த ஊசி அது. ஒரு மாத இடைவெளியில் இரு முறை குத்திக்கொண்ட பின்பும், ஆண்டுதோறும் மீண்டும் குத்திக்கொள்ள வேண்டும். காட்டில் கூலி வேலை செய்பவர் வேலையை விட்டுவிட்டு இத்தனை முறை வருதல் எளிதா? அதன் காப்பாற்றலும் போதவில்லை என்று கண்டு 2022-இல் அதனை நிறுத்திவிட்டனர். மேனியில் பூசும் எண்ணெயும், குரங்கு இறந்த இடத்தைச் சுற்றி 50 அடிக்குத் தூவும் பூச்சிமருந்துமே கிராமத்தாரின் காவலாயின. புதிய தடுப்பூசிக்கான முயற்சி நம் நாட்டிலும் நடைபெறுகிறது.

அமெரிக்காவின் மோன்டானா மாநிலத்திலுள்ள ராக்கி மலை ஆராய்ச்சிக்கூடம், உண்ணியால் வரும் புள்ளிக்காய்ச்சலை ஆராயவே தோன்றியது. அங்குள்ள விஞ்ஞானிகள், கால்நடைகளின் வாயில் கொப்புளம் உண்டாக்கும் ஒரு வைரஸை எடுத்து, அதன் முத்திரையை நீக்கிவிட்டுக் கியாசனூர் வைரஸின் முத்திரையைப் பொருத்தினர். அதை ஒரே முறை குத்திய குரங்குகள் நோயினின்று காக்கப்பட்டன என்று 2023-இல் அறிவித்தனர். இது ஜீன் சிகிச்சையன்று, தடுப்பூசியே. ஆனால் வேலூரில் ஓலையை மாற்றிய அதே கைத்தொழில், இங்கே முத்திரையை மாற்றுகிறது. எபோலா நோய்க்கு இதே முறையில் அமைந்த தடுப்பூசி 2019 முதல் அங்கீகாரம் பெற்று மக்களுக்குப் பயன்பட்டு வருகிறது. ஆகவே கியாசனூருக்கும் அது கைகூடும் என எதிர்பார்ப்பதில் தவறில்லை. எனினும் குரங்கைக் காத்த ஊசி மனிதனையும் காக்குமா என்பது இனிமேல்தான் சோதிக்கப்பட வேண்டும்.

என் உள்ளத்தை உறுத்தும் கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது. 2022-இல் மற்றொரு வகை ஹீமோபீலியாவுக்கு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஜீன் மருந்தின் விலை, ஒருவருக்கு 35 இலட்சம் டாலர். அதே ஆண்டில்தான் நம் மலைநாட்டு விறகுவெட்டிக்கு இருந்த ஒரே தடுப்பூசியும் இல்லாமற்போயிற்று. அறிவு ஒன்றுதான், கருவிகளும் ஒன்றுதான். ஆனால் விலை கொடுக்க வல்லவரின் நோயை நோக்கி அவை விரைந்து ஓடுகின்றன. விலை கொடுக்க இயலாதவரின் நோயை நோக்கி மெல்ல நடக்கின்றன. வேலூரில் நடந்த முயற்சியை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணமும் இதுவே. அக்கலையை நம் நாட்டிலேயே கற்று, நம் மக்களுக்கு எட்டும்படி செய்யலாம் என்பதற்கு அது அடிகோலுகிறது.

கிண்டியில் ஆக்கிய அம்மைப்பால் பணக்காரர் வீட்டுக்கென்று போகவில்லை. ஊர் ஊராக, தெருத்தெருவாக, குடிசை குடிசையாக அம்மை குத்துவோர் அதைச் சுமந்து சென்றனர். பெரியம்மை ஒழிந்தது கண்டுபிடிப்பினால் மட்டுமன்று. அது கடைசிக் குடிசைவரை போய்ச் சேர்ந்ததனால். உயிரியலும் மருத்துவமும் பயிலும் மாணவர்கள் வைரஸின் முத்திரையையும் ஓலையையும் கசடறக் கற்றுக்கொள்ளுங்கள். கற்றபின், காட்டோரத்துக் குடிசையில் காய்ச்சலோடு படுத்திருப்பவருக்கு அக்கல்வி எந்த வழியாகப் போய்ச் சேரும் என்பதையும் ஒருவர் பின் ஒருவராக ஆராயுங்கள். அந்த ஆராய்ச்சி இன்னும் முடிவுபெறவில்லை; அதற்கு ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.